நிசல செவனவில் தமிழர் ஒருவர்

முப்பத்திரண்டு வருடம் கண்டியில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற மிஸ் சத்தியபாமாவுக்கு உள்ளே நின்று பூட்டக்கூடிய ஒரு கதவு வேண்டியிருந்தது. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அவருக்கென்று முன்பு ஒரு கதவு இருந்தது. கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், நாற்பத்தெட்டாம் இலக்கம். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அது வீட்டோடு எரிந்துபோனது. அதற்குப் பிறகு மூன்று வருடமாக மஹய்யாவில் ராக்கம்மாவின் வீட்டில் பாதி அறையில் இருந்தார். ராக்கம்மா நகரத்து வீதிகளைக் கூட்டுகிறவர். மற்றப் பாதியில் ராக்கம்மாவும் இரண்டு மகள்மாரும் படுத்தார்கள். நடுவில் ஒரு சேலை தொங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி, 'இங்கே வந்துவிடு' என்று எழுதினார். அடுத்த கடிதத்தில் 'இப்போதைக்கு வராதே, ஷெல் அடிக்கிறார்கள்' என்று எழுதினார். இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

அப்போதுதான் அந்த அறிவித்தல் கண்ணில் பட்டது. 'நிசல செவன. ஓய்வுபெற்ற அரச ஊழியர்களுக்கான மலிவுத் தொடர்மாடிக் குடியிருப்பு. ஹந்தானை மலையடிவாரம். இருபத்துநான்கு வீடுகள். இன, மத பேதமில்லை.' நிசல செவன என்றால் சிங்களத்தில் சலனமற்ற நிழல். பென்சனோடு கிடைத்த மொத்தத் தொகைக்கு ஒரு அறை, ஒரு குசினி, ஒரு பல்கனி வரும் என்று போட்டிருந்தது.

"போய்ப் பாருங்க மிஸ்," என்றார் ராக்கம்மா. "பேதமில்லைன்னு பேப்பர்லயே போட்டிருக்காங்களே."

"பேப்பரிலதானே போட்டிருக்கு," என்றார் சத்தியபாமா. ஆனாலும் போனார்.

அந்தக் குடியிருப்பைக் கட்டிய சங்கத்தின் கந்தோரில் பதினேழு பக்க விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் கேள்வி: 'விண்ணப்பதாரி உயிருடன் உள்ளாரா? இல்லையெனில் காரணம் தருக.' இது பரவாயில்லை, அரசாங்கக் கேள்விதான் என்று சத்தியபாமா 'ஆம்' என்று எழுதினார். பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது. 'இறக்க உத்தேசித்துள்ள வருடம் (அண்ணளவாக).'

"இது என்ன கேள்வி?" என்று கிளார்க்கிடம் கேட்டார்.

கிளார்க் பொறுமையாக விளக்கினார். இங்கே வீடு மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாங்கியவர் இறந்ததும் வீடு பிள்ளைகளுக்குப் போகாது, சங்கத்துக்குத் திரும்பி வரும். சங்கம் அதை அடுத்தவருக்கு விற்கும். இருபது வருடத்தில் ஒரு வீட்டை ஐந்து பேருக்காவது விற்றால்தான் எல்லாருக்கும் மலிவாகக் கொடுக்கலாம். ஆகவே விண்ணப்பதாரிகள் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

சத்தியபாமா யோசித்துவிட்டு 'தெரியாது' என்று எழுதினார். கிளார்க் அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார்.

அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். சங்கத்தின் டொக்டர் மிகவும் பணிவானவர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் வாடிக்கொண்டு போனது.

"சீனி வியாதி?"

"இல்லை, டொக்டர்."

"கொஞ்சங்கூட?"

"இல்லை."

"குடும்பத்தில் யாராவது இளவயதில் மாரடைப்பு என்று..."

"அம்மா தொண்ணூற்றொரு வயசில மோசம் போனவ. அம்மம்மா அதுக்கும் மேல."

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'உடல்நிலை மிகவும் பாதகமானது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அறைக்கு வெளியே திரு. மயில்வாகனம் காத்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். சங்கத்துக் கமிட்டியில் இருந்த ஒரே தமிழர். அவருடைய பதவியின் பெயர் 'நல்லெண்ண உறுப்பினர்'. கமிட்டி அவரிடம் எப்போதும் நல்லெண்ணத்தை மட்டுமே கேட்டது. அவரும் அதை மட்டுமே கொடுத்தார்.

"தங்கச்சி, ரெண்டு தரம் இருமியிருக்கலாமே," என்றார் அவர் கவலையோடு. "நான் ஏழு வருசமாக் கமிட்டியில இருக்கிறன். ஒரு நாளும் ஒண்டும் கேட்டதில்லை. அதாலதான் எங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒரு இடம் கிடைச்சிருக்கு."

"எந்த இடம், அண்ணை?"

"என்ர இடம்தான்," என்றார் மயில்வாகனம்.

அதற்குப் பிறகு வந்தது முன்னைய வதிவிடத்துக்கான அத்தாட்சி. விண்ணப்பதாரி முன்பு சொந்த வீட்டில் இருந்திருந்தால் உறுதிப்பத்திரம் காட்ட வேண்டும். வீட்டோடு உறுதியும் எரிந்துவிட்டது என்றார் சத்தியபாமா. அப்படியானால் வீடு எரிந்ததற்குச் சான்றிதழ் வேண்டும் என்றார் கிளார்க். சத்தியபாமா பொலிசுக்குப் போனார். அந்த ஒழுங்கையில் அந்த வருடம் எந்த நெருப்பும் பதிவாகவில்லை என்று அங்கே சொன்னார்கள். அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டார். எரியவில்லை என்பதற்குச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள்.

கிளார்க் இன்னொரு வழி சொன்னார். வீடு எரிந்ததைக் கண்ணால் கண்ட இருவர் வந்து சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும்.

அன்றைக்கு அந்த ஒழுங்கையில் இரண்டு விதமான ஆட்கள்தான் இருந்தார்கள். எரித்தவர்களும் ஓடியவர்களும். ஓடியவர்கள் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருந்தார்கள். எரித்தவர்களைக் கேட்பது மரியாதையாக இராது என்று சத்தியபாமா நினைத்தார். இரண்டு விதத்திலும் சேராத ஒருவர் மட்டும் இருந்தார். அது ராக்கம்மா. அன்று அந்த வீதியைக் கூட்டிக்கொண்டிருந்தவர், ஒரு மதகுக்குள் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு ராக்கம்மா கந்தோருக்கு வந்தார்.

"நாலு லொறியில வந்தாங்கய்யா. கையில கடுதாசி வச்சிருந்தாங்க. அதப் பாத்துப் பாத்துத்தான் வூடு வூடா நிறுத்துனாங்க. மிஸ்ஸு வூட்டுக்கு மொதல்ல கூரையில போட்டாங்க. எங் கண்ணால பாத்தேன்."

கிளார்க் ராக்கம்மாவின் அடையாள அட்டையைக் கேட்டார். ராக்கம்மாவிடம் அட்டை இல்லை. அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து வந்த காலத்திலிருந்தே குடும்பம் கண்டியைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிரஜாவுரிமை விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

"இவர் இலங்கைப் பிரஜை இல்லை," என்றார் கிளார்க். "ஆகவே இவர் கண்ட நெருப்பு இலங்கையில் செல்லாது."

ராக்கம்மா வீதிக்கு வந்தார். வந்ததும் காறித் துப்பினார். பிறகு பழக்கத்தில், துப்பிய இடத்தைக் காலால் தேய்த்துவிட்டார்.

சத்தியபாமா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கத் தீர்மானித்தார். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. அதைக் கொடுக்கப் போன நாளில், நேர்முகத் தெரிவுக்கு வரும்படி கடிதம் காத்திருந்தது. வந்ததற்கு வந்தோம், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவோம் என்று உள்ளே போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் கமிட்டி உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர் திரு. உடுவாவல. அவரை அன்றுதான் சத்தியபாமா முதன்முதலாகப் பார்த்தார். வெள்ளை உடுப்பு, மெல்லிய உருவம், முன்னால் நான்கு நிறப் பேனாக்கள். ஒரு திணைக்களத்தில் வட்டார உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தப் பட்டியலையும் பிழையில்லாமல் தயாரிப்பவர் என்று கண்டி முழுக்கப் பெயர் பெற்றிருந்தார். கமிட்டி உறுப்பினர்களின் பெயர்களைக் கிளார்க் வாசித்தபோது ஓர் இடத்தில் வரிசை மாறிவிட்டது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல்காரர் போல் முனகினார். கிளார்க் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

சத்தியபாமாவுக்குச் சிங்களம் சரளம். இருந்தாலும் மயில்வாகனம் தலைவருடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் திருப்பிச் சொன்னார். தலைவர் சொல்லாத 'அன்பான தங்கச்சி'யையும் சேர்த்துச் சொன்னார்.

"உங்கள் வீடு எரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள்," என்றார் தலைவர். "அதை நாங்கள் ஏற்க முடியாது. எண்பத்து மூன்றில் எரிந்தது என்று ஒன்றும் இல்லை. அசம்பாவிதம் என்றுதான் எழுத வேண்டும். மற்ற ஊர்களில் அது மிகவும் மோசமாக நடந்தது. ஆள் மாறி, வீடு மாறி, ஒரே குழப்பம். நம்முடைய ஆட்களின் கடைகள்கூடப் போயின. திட்டமில்லை, ஒழுங்கில்லை. என்னுடைய வட்டாரத்தில் மட்டும் ஒரு வீடுகூட மாறவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை."

மயில்வாகனம் அதையும் அப்படியே மொழிபெயர்த்தார். பிறகு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

தலைவர் தேவையான ஆவணங்களின் பட்டியலைக் கையில் எடுத்துக் கிளார்க்கிடம் திரும்பினார். "நான் ஒருமுறைதான் சொல்வேன். கவனமாக எழுதிக்கொள். வரிசை மாறக்கூடாது."

சத்தியபாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

முகம் புதிது. ஆனால் அந்தக் குரலை அவருக்குத் தெரியும். ஒப்பரேட்டர்களுக்கு மனிதர்கள் குரல்தான். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் மறக்காத குரல்களில், மறக்க முயன்று தோற்ற ஒரே குரல் இது.

எண்பத்து மூன்று ஜூலை இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, காலை பத்துப் பத்து. கண்டியில் ஒரு கந்தோர் நம்பரிலிருந்து நாவலப்பிட்டிக்கு ஒரு வெளியூர் அழைப்பு, ட்றங்கோல். சத்தியபாமாதான் இணைத்தார். மூன்று நிமிடம் முடிந்ததும் லைனுக்குள் போய்ச் சொல்ல வேண்டும் என்பது விதி. போனார். "மூன்று நிமிடம் முடிந்தது சேர், நீடிக்கவா?" "நீடி," என்றது குரல். நீடித்தார். நீடித்த பின் லைனிலிருந்து விலக வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் காதில் விழுந்தது ஒரு விலாசம், அவருக்குத் தெரிந்த ஒழுங்கை. அவர் விலகவில்லை. அந்தக் குரல் பதினொரு வீடுகளை வரிசையாகச் சொன்னது. பெயர் இல்லை, இலக்கமும் அடையாளமும் மட்டும். "ஒன்பதாவது, நாற்பத்தெட்டு. முன்னால் கொய்யாமரம். தனிப் பெண், டியூட்டியில் இருப்பாள்." "பதினொன்று, ஐம்பத்திரண்டு. ஒரு கிழவன்."

பொலிசுக்கு எடுத்துப் பார்த்தார். எல்லா லைனும் ஓயாமல் வேலையாக இருந்தது. ஊரடங்கு வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சை விட்டு யாரும் வெளியே போக முடியவில்லை. ஐம்பத்திரண்டாம் இலக்கத்தில் தனியாக இருந்தவர் தேவராசா மாஸ்டர், பாரிசவாதத்தில் கட்டிலில் கிடந்தவர். அவரால் ஓட முடியவில்லை.

நீடித்தது தன்னுடைய கை என்பதை சத்தியபாமா மூன்று வருடத்தில் ஒரு நாளும் மறக்கவில்லை. அந்த நம்பரைப் பாவித்தவர்கள் நாற்பது பேர். குரலுக்கு முகம் இல்லாமல் போயிற்று. இப்போது அது நான்கு நிறப் பேனாக்களோடு எதிரே உட்கார்ந்திருந்தது.

"ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று தலைவர் கேட்டார்.

வீடு வேண்டாம் என்று சொல்ல வந்தவர், வாபஸ் படிவத்தைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார்.

"எனக்கு வீடு வேணும், சேர்," என்றார். பிறகு, யோசித்து, இரண்டு தரம் இருமினார்.

மயில்வாகனத்தின் முகம் மலர்ந்தது.

இருமலால் வீடு கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களால் கிடைத்தது. குளிர்நாடு ஒன்றின் உதவி நிறுவனம் கட்டடத்துக்குக் கொடுத்த நிதியில் பாதி இன்னும் வரவேண்டியிருந்தது. எல்லா இனத்தவரும் குடியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. கமிட்டியின் அறிக்கையில் 'சிங்களவர் 21, முஸ்லிம்கள் 2, தமிழர் 1' என்று ஏற்கனவே எழுதி அனுப்பியாயிற்று. விண்ணப்பித்த தமிழர் ஆறு பேரில் நான்கு பேர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் அத்தாட்சிகளைத் தேடும்போதே காலமாகிவிட்டார். மிச்சம் சத்தியபாமா.

திடீரென்று அத்தாட்சிகள் தேவைப்படாமல் போயின. மஹய்யாவுக்கு வேன் வந்தது. உறுதியை ஒரே வாரத்தில் எழுதினார்கள். மூன்றாம் மாடியில் இருபத்திரண்டாம் இலக்க வீடு. திறப்பு விழாவுக்கு முதல் நாள் மயில்வாகனம் ஒரு நன்றியுரையை எழுதிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இதை அப்பிடியே வாசிச்சால் போதும். 'நாங்கள் எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகள்' எண்ட இடத்தில கொஞ்சம் நிப்பாட்டி வாசியுங்கோ. வெள்ளைக்காரர் படம் எடுப்பினம்."

"தமிழில வாசிக்கவோ, அண்ணை?"

"ஐயோ, வேண்டாம். சிங்களத்தில வாசியுங்கோ. எல்லாருக்கும் விளங்கட்டும்."

"ஓம். எல்லாருக்கும் விளங்கத்தான் வேணும்," என்றார் சத்தியபாமா.

விழா சரியாக ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. மங்கள விளக்கை ஏற்ற முப்பத்திரண்டு பேருக்கு அழைப்புக் கொடுத்திருந்தார்கள். விளக்கில் ஏழு திரிதான் இருந்தது. ஆகவே ஒருவர் ஏற்ற, இன்னொருவர் ஊதி அணைக்க, அடுத்தவர் ஏற்றினார். தலைவர் அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வை செய்தார். வெளிநாட்டுத் தூதுக்குழு முன்வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மொழிபெயர்ப்பதற்கென்று கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண், பேசுகிற எதையும் விடாமல் சின்ன மைக்கில் ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தாள்.

தலைவர் பேசினார். "முதுமைக்கு இனமில்லை. மரணத்துக்கு மதமில்லை. இந்தக் கட்டடத்தில் எல்லா இனத்தவரும் சமமாக இறப்பார்கள் என்று கமிட்டி உறுதியளிக்கிறது." நீண்ட கைதட்டல்.

பிறகு வீட்டுக் கதவுகளின் திறப்புகளைக் கையளித்தார்கள். இருபத்திரண்டாம் இலக்கத் திறப்பு கைக்கு வந்ததும் சத்தியபாமா அதைக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினார். மைக்குக்கு முன்னால் போனார். மயில்வாகனத்தின் தாளை மடித்து வைத்தார். ஒப்பரேட்டர் குரலில், ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல், சிங்களத்தில் சொன்னார்:

"ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து மூன்று ஜூலை இருபத்தாறு. காலை பத்துப் பத்து. கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்கு ட்றங்கோல். இணைத்த ஒப்பரேட்டர் நான். பேசியவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 'லொறி நான்கு போதும். பெற்றோல் இங்கே தருவேன். நான் ஒருமுறைதான் சொல்வேன், கவனமாக எழுதிக்கொள், வரிசை மாறக்கூடாது. ஒன்று, பன்னிரண்டாம் இலக்கம், பச்சைப் படலை. இரண்டு, பதினைந்து, மாடிவீடு...'"

கூட்டத்துக்கு முதலில் விளங்கவில்லை. நான்காவது வீட்டில் விளங்கத் தொடங்கியது. ஏழாவது வீட்டில் பின்வரிசையில் யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். மயில்வாகனம் மேடையில் இருந்தபடியே கதிரைக்குள் சிறுத்துக்கொண்டு போனார். தலைவர் அசையவில்லை. அவருடைய உதடுகள் மட்டும் சத்தியபாமாவோடு சேர்ந்து அசைந்தன.

"ஒன்பது, நாற்பத்தெட்டு, கொய்யாமரம். தனிப் பெண்," என்றார் சத்தியபாமா. அடுத்ததைத் தெரிந்தே மாற்றிச் சொன்னார். "பத்து, ஐம்பதாம் இலக்கம்."

தலைவர் கதிரையை விட்டுப் பாய்ந்து எழுந்தார்.

"ஐம்பது இல்லை!" என்று அவர் கத்தியது மைக்கில் ஏறி மலை முழுக்கக் கேட்டது. "நாற்பத்தொன்பது! ஐம்பது நம்முடைய ஆட்களின் வீடு! நான் ஒருபோதும் ஐம்பது என்று சொல்லவில்லை!"

மொழிபெயர்ப்புப் பெண் அதையும் விடாமல் ஆங்கிலமாக்கினாள்.

சத்தியபாமா தலையைக் குனிந்தார். "மன்னிக்க வேண்டும், சேர். நாற்பத்தொன்பது. பதினொன்று, ஐம்பத்திரண்டு, ஒரு கிழவன். கோல் முடிந்தது." மேடையை விட்டு இறங்கிப் படியேறிப் போய், இருபத்திரண்டாம் இலக்கத்தைத் திறந்து, உள்ளே நின்று பூட்டினார். கட்டிலும் இல்லை, கதிரையும் இல்லை. வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதார்.

தூதுக்குழு விருந்துக்கு வைத்த பாற்சோறான கிரிபத்தைத் தொடாமல் எழுந்து போனது. மிச்ச நிதியும் அவர்களோடு போனது.

கமிட்டி அன்று மாலையே அவசரமாகக் கூடியது. 'ஒலிபெருக்கிக் கோளாறு காரணமாக விழாவில் தவறான கருத்துக்கள் ஏற்பட்டன' என்று தீர்மானம் எடுத்தது. நல்லெண்ண உறுப்பினர் அதை வழிமொழிந்தார். தலைவர் தொண்டை நோய் காரணமாகப் பதவி விலகினார். சத்தியபாமாவை வெளியேற்றலாமா என்று பார்த்தார்கள். சங்கத்தின் சட்டப்படி குடியிருப்பாளரின் உரிமை மரணத்தால் மட்டுமே முடியும். அந்தச் சட்டத்தை எழுதியவர் உடுவாவல. அதில் ஒரு ஓட்டையும் இருக்கவில்லை.

பொலிசில் ஒரு முறைப்பாடு மட்டும் பதிவானது, அதுவும் சத்தியபாமாவுக்கு எதிராக. வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்டது குற்றம். இரண்டு உத்தியோகத்தர்கள் விசாரிக்க வந்தார்கள்.

"நீர் அந்தக் கோலைக் கேட்டீரா?"

"கேட்டேன்."

"உண்மையாகவே அப்படி ஒரு கோல் இருந்ததா?"

"அதைக் கோல் எடுத்தவரிடம்தான் கேட்க வேணும். அவர் 'நான் பேசினது உண்மை' எண்டு கையெழுத்து வைச்சால் நான் குற்றவாளி. இப்பவே கூட்டிக்கொண்டு போங்கோ."

உத்தியோகத்தர்கள் கொப்பியை மூடினார்கள். விசாரணை அப்படியே நின்றது.

உடுவாவலவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. சொந்த வீட்டை மகளின் சீதனமாகக் கொடுத்துவிட்டு, நிசல செவனவின் முதலாம் இலக்க வீட்டைத் தனக்கென்று எடுத்திருந்தார். வேறு போக்கிடம் இல்லை. மனைவி இல்லாதவர். மகள் கலியாணம் செய்து பதுளையில் இருந்தாள், நிறைமாதம். கீழ்மாடியில் இருந்த அந்த வீட்டில் டெலிபோன் இருந்தது. பதுளைக்கு ட்றங்கோல் எடுக்க எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார்.

எக்ஸ்சேஞ்சில் அப்போது மூத்த ஒப்பரேட்டர் சித்தி றலியா. சத்தியபாமாவிடம் வேலை பழகியவர். எண்பத்து மூன்றில் அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்துப் போர்டில் இருந்தவர்.

"பதுளை லைன் பிஸி சேர்," என்றார் றலியா.

அடுத்த நாளும் பிஸி. அதற்கடுத்த நாள் மலையில் மண் சரிந்து லைன் அறுந்திருந்தது. அதற்கடுத்த நாள் லைன் இருந்தது, உடுவாவலவின் முறை வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பதுளையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தந்தி அனுப்பினார். தந்தியும் அதே பெண்களின் கையால்தான் போக வேண்டியிருந்தது. முறைப்பாடு எழுதினார். முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை றலியா நிசல செவனவுக்கு வந்தார், சத்தியபாமாவுக்கு வட்டலப்பம் கொண்டு.

"மிஸ், நாங்க செய்றது பாவமோ? அவர்ட மகள் புள்ளத்தாச்சி. காலேல அழுதுட்டாரு போன்ல. நீங்க வாணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இப்பவே கனெக்ஷன் குடுக்கிறன்."

சத்தியபாமா வட்டலப்பத்தைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். வேறு வார்த்தை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை உடுவாவல மூன்று மாடி ஏறி வந்து இருபத்திரண்டாம் இலக்கத்தைத் தட்டினார். வெள்ளை உடுப்புக் கசங்கியிருந்தது. வேலைக்காரரிடம் வேலை வாங்கிப் பழகிய தமிழில் பேசினார். அந்தத் தமிழில் ஏவல் மட்டும்தான் இருந்தது.

"கோல் குடு," என்றார். "மகள் சுகமில்ல. அந்தப் பெண்ணுக்குச் சொல்லு. கோல் குடுக்கச் சொல்லு." கெஞ்ச முயன்றார். அதற்கான சொற்கள் அவரிடம் இல்லாததால் சிங்களத்துக்கு மாறினார். "மிஸ், ஐந்து நாளாயிற்று. பிள்ளை பிறந்ததா, இல்லையா, ஒன்றும் தெரியாது."

சத்தியபாமா கதவைப் பாதி திறந்தபடி நின்றார்.

"அந்தப் பதினொரு வீட்டிலும் இருந்தவர்களின் பெயர் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

உடுவாவல விழித்தார். "பெயர்... பெயர் இல்லை. இலக்கம்தான் தேவைப்பட்டது."

"இப்போது பெயர் தேவைப்படுகிறது. பதினொரு பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் றலியாவுக்குச் சொல்கிறேன்."

அவர் அன்றே தொடங்கினார். வாழ்நாளில் அவர் தயாரித்த பட்டியல்களில் அதற்குத்தான் அதிகம் பாடுபட்டார். பஸ் ஏறி அந்த ஒழுங்கைக்குப் போனார். எரிந்த சுவர்களுக்குள் புல் முளைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டினார். சிலர் சொன்னார்கள், சிலர் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். கோவிலடியில் நின்று கேட்டார், தேத்தண்ணிக் கடையில் கேட்டார். பழைய கந்தோருக்குப் போய் வாக்காளர் இடாப்பைப் பார்க்கலாம் என்று நினைத்தார். அந்த ஒழுங்கைக்குரிய பக்கங்கள் இருக்கவில்லை. எண்பத்து மூன்று ஓகஸ்டில் அவரே அவற்றைக் கிழித்து, கந்தோரின் பின்புறத்தில் வைத்து எரித்திருந்தார்.

நான்காம் நாள் மறுபடி படியேறி வந்தார். தாளில் பத்துப் பெயர்கள் வரிசையாக, நான்கு நிறத்தில், அழகான கையெழுத்தில் இருந்தன. ஒன்பதாவதாக 'செல்வி சத்தியபாமா' என்று எழுதியிருந்தார். பதினோராவது வரியில் 'ஐம்பத்திரண்டு' என்று மட்டும் இருந்தது.

"இந்த ஒன்றுதான், மிஸ். யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டர் என்கிறார்கள், அவ்வளவுதான். அவருக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. யாரிடம் கேட்பது?"

தேவராசா மாஸ்டரின் பெயரைச் சொல்லக்கூடிய ஒரே ஒருவர்தான் கண்டியில் மிஞ்சியிருந்தார். அவர் தாளை வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"விசாரித்துப் பாருங்கள்," என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.